மாறும் வாழ்வும் மாறாத உரிமையும்

வெள்ளிக்கிழமை ஜுமுஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் வாயிலைக் கடக்கும்போது, அங்கே ஓரமாக நிற்கும் ஒரு மனிதரை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். தலையில் தொப்பி, கையில் விரித்த துண்டு, சட்டைப் பையில் நான்காக மடித்து வைத்த ஒரு கடிதம். அவருடைய ஊர் ஜமாஅத்தின் முத்திரை அக்கடிதத்தில் பதிந்திருக்கும். “குமர் காரியம், உதவி செய்யுங்கள்” என்று தாழ்ந்த குரலில் சொல்வார். பருவம் எய்திய மகளைக் கரையேற்ற வேண்டும் என்பதே அதன் பொருள்.

நாமும் பையில் கைவிட்டுக் கிடைத்ததை அத்துண்டில் இட்டுவிட்டு நடக்கிறோம். ஓர் ஏழைத் தந்தைக்கு உதவிய மனநிறைவோடு வீடு திரும்புகிறோம். ஆயின், ஒரு கேள்வியை நாம் கேட்பதில்லை. மணமகன் மணமகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று விதித்த மார்க்கத்தில் பிறந்த ஒருவர், தம் மகளை மணமுடித்துக் கொடுப்பதற்காக ஏன் இப்படிக் கையேந்தி நிற்க வேண்டும்?

இந்திய மகளிரின் வாழ்க்கை முறை மாறிவிட்டது என்று இன்று பேசாதவர் இல்லை. உடை மாறிவிட்டது என்கிறார்கள். படிப்பு வந்துவிட்டது என்கிறார்கள். பழைய பண்பாடு போய்விட்டது என்று வருந்துவோரும் உண்டு. மாறியது எது, மாறக் கூடாதது எது என்று பிரித்தறிவதற்கு ஓர் அளவுகோல் வேண்டாமா? பள்ளிவாசலின் வாயிலில் நிற்கும் அம்மனிதரை மனத்தில் இருத்திக்கொண்டு, தமிழகத்து முஸ்லிம் பெண்களின் வாழ்வைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். அதில் இந்தியப் பெண்கள் அனைவருடைய கதையும் ஓரளவு அடங்கியிருப்பதைக் காண்பீர்கள்.

தாய் வீடே மகள் வீடு

காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் போய்வந்தவர்கள் ஒரு செய்தியைக் கவனித்திருப்பார்கள். நம் நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் மணமான பெண் கணவன் வீட்டுக்குச் செல்கிறாள். இவ்வூர்களிலோ மணமகன் பெண்ணின் வீட்டுக்கு வருகிறான். மகளுக்கென்று வீடு கொடுப்பது அங்கே நெடுநாளைய வழக்கம். அவள் பிறந்த தெருவிலேயே, தாயும் தமக்கையும் சிறிய தாயும் சூழ வாழ்கிறாள். காயல்பட்டினத்தில் வீடுகளின் பின்புறத்தை ஒட்டிப் பெண்கள் நடமாடுவதற்கென்றே முடுக்கு எனப்படும் குறுகிய சந்துகள் அமைந்துள்ளன. ஆடவர் நடக்கும் தெருவுக்கு வராமலேயே ஒரு பெண் தன் உறவினர் வீடுகளுக்குச் சென்று வரலாம்.

இவ்வழக்கத்துக்குக் காரணம் கடலே ஆகும். இவ்வூர்களின் ஆடவர் முத்தும் சங்கும் துணியும் கொண்டு இலங்கைக்கும் மலாக்காவுக்கும் கலம் ஏறியவர்கள். போனவர் திரும்பப் பல மாதங்கள் ஆகும். சில வேளைகளில் ஆண்டுகளும் ஆகும். அத்தனை காலமும் பெண் தனித்திருக்க வேண்டிய நிலையில், முன்பின் பழகாத மாமியார் வீட்டைவிடத் தாய் வீடே அவளுக்குப் பாதுகாப்பாக இருந்தது. வீடு அவளுடையது என்பதால் அவளுடைய சொல்லுக்கும் ஒரு மதிப்பு இருந்தது. “என் வீட்டை விட்டுப் போ” என்று அவளிடம் கூறும் துணிவு யாருக்கும் எழவில்லை. ஏனெனில் அது அவளுடைய வீடு.

உள்நாட்டு ஊர்களில் இவ்வழக்கம் இல்லை. அங்கே அண்டை அயலாரைப் போலவே முஸ்லிம் பெண்ணும் புகுந்த வீட்டுக்குச் சென்றாள். கருகமணி கட்டுவதும், மருதாணி இடுவதும், நலுங்கு வைப்பதும் நாம் வாழும் தமிழ் மண்ணிலிருந்து நம் மணவீடுகளுக்கு வந்து சேர்ந்தவையே. ஒரே மார்க்கத்தைப் பின்பற்றுவோரிடையே ஊருக்கு ஊர் வழக்கம் வேறுபடுகிறது என்றால், வழக்கம் என்பது வேறு, மார்க்கம் என்பது வேறு என்பது தெளிவாகிறதன்றோ? வழக்கம் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறலாம். அது யாருக்கு நன்மை செய்கிறது என்று பார்த்தே அதனை ஏற்கவோ தள்ளவோ வேண்டும்.

எழுத்தறிந்த அன்னையர்

முற்காலத்து முஸ்லிம் பெண் எழுத்தறியாதவள் என்று எண்ணுவோர் உளர். அது முழு உண்மையன்று. நம் பாட்டிமார் பலர் பள்ளிக்கூடத்து வாயிலை மிதித்ததில்லை. தமிழ் நெடுங்கணக்கைக் கற்றதில்லை. எனினும் அவர்களால் தமிழைப் படிக்க முடிந்தது. அரபு எழுத்துக்களோடு சில அடையாளங்களைச் சேர்த்துத் தமிழை எழுதும் அரபுத் தமிழ் என்ற எழுத்து முறையே அதற்கு வழி செய்தது. திருக்குர்ஆன் ஓதப் பழகிய சிறுமி சற்று முயன்றால் அரபுத் தமிழ் நூல்களையும் படித்துவிடலாம். தொழுகையின் சட்டங்களையும், நபிமார் வரலாற்றையும், மாலைப் பாடல்களையும் பெண்கள் அவ்வெழுத்தில் படித்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற அறிஞர்கள் அம்முறையில் நூல்கள் எழுதினார்கள். கடல் கடந்து சென்ற கணவனுக்கு மனைவி எழுதும் கடிதத்துக்கும் அவ்வெழுத்தே பயன்பட்டது.

படித்ததோடு நில்லாமல் பாடியவர்களும் இருந்தார்கள். கீழக்கரை செய்யிது ஆசியா உம்மா, இளையான்குடி கச்சிப்பிள்ளை அம்மாள், தென்காசி ரசூல் பீவி ஆகியோர் மெய்ஞ்ஞானப் பாடல்கள் இயற்றிய பெண்பாற் புலவர்கள். பின்னர் நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் தோன்றினார். மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றுபோன அவர், 1938-இல் ‘காதலா? கடமையா?’ என்ற நாவலை வெளியிட்டார். தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார். மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட ஒரு பெண் இத்தனை செய்தார் எனின், தொடர்ந்து படிக்க விட்டிருந்தால் என்ன செய்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். அவரைப் போன்று நிறுத்தப்பட்டு, எழுதாமலேயே மறைந்துபோனவர்கள் எத்தனை பேர் என்பதை யார் கணக்கிட்டுச் சொல்ல முடியும்?

கல்வி தேடுவதைக் கடமையாக்கிய பெருமானார் (ஸல்) அவர்கள் அதில் ஆண், பெண் என்று வேறுபாடு காட்டவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக 2,000-க்கும் மேற்பட்ட நபிமொழிகள் நமக்குக் கிடைத்துள்ளன. நபித்தோழர்கள் அவர்களிடம் வந்து ஐயம் தெளிந்தார்கள். அந்த அன்னையின் பெயரைத் தம் மகளுக்குச் சூட்டிவிட்டு, அம்மகளை இடையிலேயே பள்ளியிலிருந்து நிறுத்தியவர்கள் நம்மிடையே இருந்தார்கள். அது மார்க்கத்தின் கட்டளை அன்று. ஊராரின் பேச்சுக்கு அஞ்சிய அச்சமே ஆகும்.

துப்பட்டியும் புர்காவும்

மாற்றத்தைப் பற்றிப் பேசுவோர் முதலில் பெண்ணின் உடையைப் பற்றியே பேசுகிறார்கள். அதையும் பார்த்துவிடுவோம். நம் பாட்டிமார் வெளியே செல்லும்போது சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டார்கள். அன்னையர் பலர் சேலை முந்தானையையே தலைக்கு முக்காடாக இட்டார்கள். 1970-களிலிருந்து நம் ஆடவர் வளைகுடா நாடுகளுக்கு வேலை தேடிச் சென்றார்கள். அவர்களுடைய பெட்டிகளில் அத்தரும் பேரீச்சம் பழமும் வந்ததைப் போலவே, நாளடைவில் கருப்பு நிற அங்கியும் வந்து சேர்ந்தது. இன்று கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் செல்லும் இளம் பெண்கள் அதனை அணிகிறார்கள், அணியாதவர்களும் இருக்கிறார்கள். வெள்ளைத் துப்பட்டி முதிய பெண்மணிகளிடம் மட்டும் தங்கிவிட்டது.

துணியின் நிறம் மாறலாம், தையல் மாறலாம். ஒழுக்கத்தைப் பற்றிய கட்டளை மாறவில்லை. ஆனால் அக்கட்டளை எவ்விடத்தில் தொடங்குகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். திருக்குர்ஆனின் 24-ஆம் அத்தியாயமான அந்நூரில், பார்வையைத் தாழ்த்திக் கற்பைக் காத்துக்கொள்ளுமாறு முதலில் ஆடவருக்கே அறிவுறுத்தப்படுகிறது. அடுத்த வசனத்திலேயே பெண்களுக்குக் கூறப்படுகிறது. முதல் வசனத்தைத் தாண்டிக் குதித்து, இரண்டாம் வசனத்தில் மட்டும் நின்று பேசுவோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். பெண்ணின் உடையை அளந்து பார்ப்பதில் நாம் காட்டும் அக்கறையில் பாதியையேனும், அவளுக்குச் சேர வேண்டிய உரிமையை அளந்து கொடுப்பதில் காட்டியிருக்கிறோமா?

கொடுக்க வேண்டியவன் கேட்கிறான்

இனி அந்த உரிமைக்கு வருவோம். மஹர் என்பது மணமகன் மணமகளுக்கு அளிக்கும் மணக்கொடை. அதனை மனமுவந்து கொடுத்துவிடுமாறு திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயமான அந்நிஸா கட்டளையிடுகிறது. ‘அந்நிஸா’ என்பதற்குப் பெண்கள் என்பதே பொருள். அக்கொடை மணமகளின் தந்தைக்கு உரியதன்று, தமையனுக்கு உரியதன்று, அவளுக்கே உரியது. பொற்குவியலையே கொடுத்திருந்தாலும் அதிலிருந்து எதையும் திரும்பப் பறித்துக்கொள்ளக் கூடாது என்றும் அதே அத்தியாயம் எச்சரிக்கிறது.

அலீ (ரலி) அவர்கள் பெருமானாரின் அருமை மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்களை மணந்தபோது, தம் போர்க் கவசத்தை விற்று மஹருக்குப் பொருள் திரட்டிய வரலாறு நமக்குத் தெரியும். வேறொரு சமயம், மணம் முடிக்க விரும்பிய ஓர் ஏழைத் தோழரிடம் இரும்பு மோதிரம்கூட இல்லை. அவருக்குத் தெரிந்த திருக்குர்ஆன் பகுதிகளை அப்பெண்ணுக்குக் கற்பிப்பதையே மஹராக ஏற்று, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மணமுடித்து வைத்தார்கள். இங்கே கவனியுங்கள். பொருள் இல்லாதவனும் வெறுங்கையோடு மணமகளை அடையவில்லை. தன்னிடம் இருந்த கல்வியைக் கொடுத்தான். கொடுக்க வேண்டியவன் ஆண் என்ற நியதி அங்கே தளரவில்லை.

நம் ஊர்களில் நடப்பது என்ன? நிகாஹ் பதிவேடாகிய தஃப்தரில் ஒரு சிறு தொகை மஹராக எழுதப்படுகிறது. வலீயும் சாட்சிகளும் கையொப்பம் இடுகிறார்கள். இமாம் துஆ ஓதுகிறார். ஆனால் அதற்குப் பல நாட்களுக்கு முன்பே, எழுதப்படாத வேறொரு கணக்கு முடிந்திருக்கும். இத்தனை பவுன் நகை, இவ்வளவு ரொக்கம், ஒரு வண்டி, சில ஊர்களில் வீடு. எழுதிய தொகை சிறிது. எழுதாத தொகை பெரிது. இந்த எழுதாத தொகைக்குக் கைக்கூலி என்று நம் முன்னோர் பெயரிட்டார்கள். தமிழில் அச்சொல் இலஞ்சத்தையும் குறிக்கும். பெயரிலேயே அதன் தன்மை விளங்கவில்லையா?

மகளுக்கு வீடு கொடுத்த கடற்கரை ஊர்களின் நல்வழக்கமும் இச்சுழலிலிருந்து தப்பவில்லை. கணவன் கலமேறிய காலத்தில் பெண்ணைக் காத்த வீடு, மணமகன் வீட்டாரின் நிபந்தனையாக மாறியபோது, தந்தைக்குச் சுமையாகிவிட்டது. மூன்று பெண் மக்களைப் பெற்றவர் மூன்று வீடுகளுக்காக வளைகுடாவின் வெயிலில் தம் இளமையைக் கரைத்தார். வழக்கத்தின் உருவம் அப்படியே இருந்தது. அதன் உயிர் மாறிவிட்டது. நகையும் ரொக்கமும் பெண்ணின் கையில் தங்காமல் மாமனார் வீட்டின் கடனுக்கும் மைத்துனியின் திருமணத்துக்கும் சென்றதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

இது முஸ்லிம்களிடம் மட்டும் நேர்ந்ததன்று. தமிழ்நாட்டில் பல சமூகங்களில் முன்னாளில் மணமகன் வீட்டாரே பெண்ணுக்குப் பரிசம் கொடுத்தார்கள். ‘பரிசம் போடுதல்’ என்ற சொல் இன்றும் வழக்கில் இருக்கிறது. சென்ற நூற்றாண்டில் அவ்வழக்கம் பல இடங்களில் தலைகீழாகி, பெண் வீட்டார் கொடுப்பதே முறை என்றாயிற்று. மாதச் சம்பளமும் பட்டப் படிப்பும் மணமகனுக்கு ஒரு விலையை ஏற்படுத்தின. ஆக, இந்தியப் பெண்ணின் வாழ்வில் நேர்ந்த மாற்றங்கள் எல்லாம் முன்னேற்றம் என்றும் சொல்ல முடியாது. பழையன எல்லாம் கொடுமை என்றும் சொல்ல முடியாது.

1961-இல் வரதட்சிணைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. முஸ்லிம்களின் மஹர் வரதட்சிணை ஆகாது என்று அச்சட்டத்தின் இரண்டாம் பிரிவிலேயே விலக்களிக்கப்பட்டிருக்கிறது. நாட்டின் சட்டம் மஹரையும் கைக்கூலியையும் பிரித்தறிந்துவிட்டது; நாம்தாம் இன்னும் பிரித்தறியவில்லை. 1986-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, வரதட்சிணை கொடுப்பதும் வாங்குவதும் பொதுவாக ஐந்து ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனைக்கு உரிய குற்றங்கள். வாங்கிய பொருளை மூன்று மாதங்களுக்குள் மணமகளிடமே ஒப்படைக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. சட்டம் இத்தனை தெளிவாக இருந்தும், பள்ளிவாசலின் வாயிலில் அம்மனிதர் இன்னும் நிற்கிறார்.

மய்யித்தின் முன்னே ஒரு வேண்டுகோள்

தஃப்தரில் எழுதிய அந்தச் சிறு தொகையேனும் பெண்ணின் கைக்கு வருகிறதா? பல வீடுகளில் அது ‘பாக்கி மஹர்’ என்றே நின்றுவிடுகிறது. கணவன் இறந்து, மய்யித்தை எடுத்துச் செல்வதற்கு முன்னே, வெள்ளைத் துணி போர்த்தி அமர்ந்திருக்கும் மனைவியிடம் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் குனிந்து, “மஹரை மன்னித்துவிட்டேன் என்று சொல்லம்மா” என்று கேட்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த நேரத்தில் எந்தப் பெண் மறுப்பாள்? அழுகையினூடே தலையசைக்கிறாள். நாற்பது ஆண்டுக் கடன் ஒரு தலையசைப்பில் தீர்ந்துவிடுகிறது.

மனைவி தன் மஹரில் ஒரு பகுதியை மனமுவந்து விட்டுக்கொடுத்தால் கணவன் அதனை ஏற்கலாம் என்று திருமறை அனுமதிப்பது உண்மையே. மனமுவந்து என்ற நிபந்தனையை இங்கே சிந்திக்க வேண்டும். ஊர் கூடி நிற்க, பிரேதத்தின் முன்னே கேட்டுப் பெறும் சம்மதம் மனமுவந்த சம்மதம் ஆகுமா? மஹர் ஒரு கடன். இறந்தவர் விட்டுச் சென்ற பொருளிலிருந்து அடக்கச் செலவும், பிறகு கடன்களும், அதன்பின் மரண சாசனமும் தீர்க்கப்பட்ட பின்னரே வாரிசுகளின் பங்கு தொடங்குகிறது. கடைக்காரருக்கும் வட்டாரத்து நண்பருக்கும் உள்ள கடனைத் தேடிச் சென்று தீர்க்கும் மக்கள், தங்கள் தாய்க்கு உள்ள கடனை மட்டும் கண்ணீரால் தள்ளுபடி செய்துகொள்வது நீதியன்று.

“அவளுக்குத்தான் போட்டாயிற்றே”

மஹருக்கு அடுத்தது சொத்துரிமை. தாய் தந்தையர் விட்டுச் சென்றதில், அது சிறிதாயினும் பெரிதாயினும், பெண்களுக்கும் பங்கு உண்டு என்று அந்நிஸா அத்தியாயம் 1,400 ஆண்டுகளுக்கு முன்பே வரையறுத்துவிட்டது. இங்கிலாந்தில் மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமையை 1882-ஆம் ஆண்டின் சட்டம் வழியாகவே முழுமையாகப் பெற்றாள். தமிழ்நாட்டில் இந்துக் குடும்பத்துப் பெண்மக்களுக்குப் பூர்விகச் சொத்தில் சம உரிமை 1989-இலும், நாடு முழுவதும் 2005-இலும் சட்டமாயிற்று.

முஸ்லிம் பெண்ணின் பங்கும் நம் நாட்டில் எளிதாக நிலைக்கவில்லை. பல பகுதிகளில் ஊர் வழக்கம் அதனை விழுங்கியிருந்தது. அவ்வழக்கத்தை அகற்றி மார்க்கச் சட்டத்தை நிலைநிறுத்தவே 1937-இல் ஷரீஅத் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் விவசாய நிலத்தை விட்டுவிட்டது. சென்னை மாகாணம் 1949-இல் கொண்டுவந்த திருத்தத்தால் இங்கே அக்குறையும் நீங்கியது.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவர் மனைவியையும், ஒரு மகனையும், இரு மகள்களையும் விட்டு இறந்தார். கடன் நீங்கலாக மிஞ்சியது 16 லட்சம் ரூபாய். மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. அதாவது 2 லட்சம். எஞ்சிய 14 லட்சத்தில் மகனுக்கு 7 லட்சம். மகள்கள் இருவருக்கும் ஆளுக்கு மூன்றரை லட்சம். மகளின் பங்கு மகனின் பங்கில் பாதி என்பதற்கு, குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு ஆணின் மேல் சுமத்தப்பட்டிருப்பதை அறிஞர்கள் காரணமாகக் கூறுவர். அப்படியாயின், அந்தப் பாதியையும் கொடாமல் விடுவதற்கு என்ன காரணம் கூற இயலும்?

பங்கு கேட்கும் சகோதரிக்கு நம் வீடுகளில் கிடைக்கும் விடை ஒன்றுதான்: “அவளுக்குத்தான் கல்யாணத்தில் எல்லாம் போட்டாயிற்றே!” போட்டது யாருக்கு? மாப்பிள்ளை வீட்டுக்கு. இழந்தது யார்? மகள். கைக்கூலியின் பெயரால் ஒருமுறையும், பாகப்பிரிவினையின் பெயரால் மறுமுறையும் அவள் இழக்கிறாள். கேட்டால் பிறந்த வீட்டின் வாசல் அடைபட்டுவிடுமோ என்று அஞ்சி, பலர் கேளாமலேயே கையொப்பம் இட்டுக் கொடுக்கிறார்கள். அந்தக் கையொப்பத்தை நாம் பாசம் என்று அழைக்கிறோம்.

பட்டம் பெற்ற மகளிர்

இத்தனை இருளுக்கிடையே ஓர் ஒளியும் தெரிகிறது. அது கல்வி. 1905-இல் சென்னையிலிருந்து வெளிவந்த ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்ற ஆங்கில இதழில் ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதை வெளியாயிற்று. பெண்கள் கல்வி கற்று நாட்டையே நடத்துவதாக அதில் எழுதியவர் ரொக்கையா சகாவத் ஹுசைன் என்ற வங்காளத்து முஸ்லிம் பெண்மணி. 1911-இல் கல்கத்தாவில் அவர் பெண்களுக்கெனப் பள்ளி நடத்தத் தொடங்கினார். 1920-இல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் அமைந்தபோது அதன் முதல் வேந்தராக அமர்ந்தவர் போபாலை ஆண்ட சுல்தான் ஜஹான் பேகம். தமிழகத்தில் நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்களின் முயற்சியால் 1955-இல் சென்னையில் மகளிர் கல்லூரி எழுந்தது. 1988-இல் கீழக்கரையிலேயே தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி தோன்றியது. கணவனுக்கு அரபுத் தமிழில் கடிதம் எழுதிய ஊரில் பேத்திகள் பட்டம் பெறுகிறார்கள். 1989-இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக ஃபாத்திமா பீவி பொறுப்பேற்றார்; பின்னர் அவரே தமிழ்நாட்டின் ஆளுநராகவும் 1997 முதல் 2001 வரை விளங்கினார்.

வளைகுடாப் பயணமும் தான் அறியாமலேயே பெண்களுக்கு ஒரு பள்ளியாக அமைந்தது. கணவன் அங்கே, வீடு இங்கே. தொடக்கத்தில் ஒலிநாடாவில் பேசிப் பதிவுசெய்து அனுப்பினார்கள். பின்னர் தொலைபேசி வந்தது. இன்று கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வங்கிக் கணக்கு, மருத்துவமனை, வீடு கட்டும் கொத்தனாரின் கூலி ஆகிய அனைத்தையும் பெண்ணே கவனிக்க வேண்டியதாயிற்று. ஒரு தலைமுறைக்கு முன் முடுக்கு வழியாக நடந்தவளின் மகள், வங்கியின் வாயிற்படி ஏறிப் பணம் எடுத்து வந்தாள். பிரிவின் துயரம் பெரிது. அதனைக் குறைத்துச் சொல்லலாகாது. எனினும் கணக்கு அறிந்த கையை எளிதில் ஏமாற்ற இயலாது என்பதை அக்காலம் கற்பித்தது.

கல்வியோடு புதிய சிக்கல்களும் வந்தன. பெண் பட்டம் பெறுகிறாள். பையன் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு வெளிநாடு செல்கிறான். படித்த பெண்ணுக்கு ஏற்ற மணமகன் கிடைப்பதில்லை என்று பெற்றோர் கவலைப்படுகிறார்கள். இதற்குப் பெண்ணின் படிப்பை நிறுத்துவது மருந்தன்று; ஆணைப் படிக்க வைப்பதே மருந்து. மார்க்கக் கல்வி பயிலும் நிஸ்வான் மதரஸாக்களிலிருந்தும் ஆலிமாக்கள் வெளிவருகிறார்கள். மஹரின் சட்டத்தையும் பங்கின் கணக்கையும் மூல நூலிலிருந்தே அறிந்த பெண்ணிடம், ஊர் வழக்கத்தை மார்க்கம் என்று சொல்லி ஏய்க்க முடியாது.

எதை விடுவது? எதைக் காப்பது?

வாசகர்களே, இதுவரை கண்டவற்றைத் தொகுத்துப் பாருங்கள். தாய் வீட்டு வழக்கம், வெள்ளைத் துப்பட்டி, அரபுத் தமிழ் எழுத்து, முடுக்கு வழி ஆகியவை காலத்தின் கோலங்கள். அவற்றுள் அழகானவை உண்டு. அவை மறைவதைக் கண்டு வருந்துவதும் இயல்பே. ஆனால் மஹரும், பங்கும், கல்வியும் கோலங்கள் அல்ல, உரிமைகள். ஒரு மாற்றம் பெண்ணுக்கு அவளுடைய உரிமையை மீட்டுத் தருகிறதா, அல்லது பறிக்கிறதா என்பதே நாம் தேடிய அளவுகோல். அதனால் அளந்தால், கல்லூரிக்குச் செல்லும் மகள் பண்பாட்டைக் கெடுக்கவில்லை. கைக்கூலி கேட்கும் மகனே கெடுக்கிறான்.

இதற்குப் பெரிய மாநாடுகள் தேவையில்லை. கைக்கூலி வாங்கும் திருமணத்துக்குத் தஃப்தரைத் தர மாட்டோம் என்று தீர்மானித்த ஜமாஅத்துகள் உண்டு. உங்கள் ஊரிலும் அதனைக் கேளுங்கள். மகனுக்குப் பெண் பார்க்கும் அன்னையர், தாம் மணமகளாக அமர்ந்த நாளில் தம் தந்தையின் முகம் எப்படி இருந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மஹர் பாக்கி வைத்திருக்கும் கணவர்கள், ஜனாஸாவின் நாள் வரை காத்திராமல், இந்த மாதச் சம்பளத்திலிருந்தே தீர்க்கத் தொடங்குங்கள். தந்தையின் சொத்தைப் பிரிக்கும் சகோதரர்கள், சகோதரி கேட்கும் முன்பே அவள் பங்கை அவள் கையில் கொடுங்கள். மணமாகப் போகும் சகோதரிகள், தஃப்தரில் கையொப்பம் இடும் முன் அதில் எழுதியிருக்கும் தொகையைப் படித்துப் பாருங்கள், படிப்பதற்காகத்தானே படித்தீர்கள்!

இன்று ஜுமுஆ முடிந்து வெளியே வரும்போது அம்மனிதர் அங்கே நின்றிருப்பார். அவருக்கு உதவுங்கள், மறுக்க வேண்டாம். ஆனால் அவருடைய துண்டில் காசு இடும் கை, நாளை நம் மகனுக்காகக் கைக்கூலி வாங்க நீளாதிருக்கட்டும். அவ்வாறு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கை பின்வாங்கினால், ஒரு நாள் அந்த வாயிலில் நிற்க அவருக்கே தேவையிராது. அந்நாளைக் காணும் பேற்றை எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக!